‘கண்டறியப்படவில்லை’ என்று கையெழுத்திடுவதற்கு முன்

உணவின் வழியாகவும் விலங்குகளிடமிருந்தும் மனிதருக்குப் பரவும் பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் தேடும் வேலையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த ஆண்டுகளில் என் கையெழுத்தோடு வெளியே போன அறிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை ‘25 கிராமில் சால்மோனெல்லா கண்டறியப்படவில்லை’ என்பது போன்ற ஒற்றை வரியில் முடிந்தவை. கிருமி கிடைத்துவிட்டால் அறிக்கை எழுதுவது கடினமன்று. தட்டில் முளைத்து நிற்பதை எவரும் வந்து பார்க்கலாம், மறுபடி சோதிக்கலாம். கிடைக்காதபோது எழுதும் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் என்னென்ன நடந்திருக்க வேண்டும், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நீண்ட காலம் ஆயிற்று. இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், இத்தகைய அறிக்கைகளை நம்பி முடிவெடுக்கிறவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் அந்த அனுபவங்களில் சிலவற்றை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். கோகோ கலந்த ஒரு மாவுப் பொருளின் மாதிரிகள் சோதனைக்கு வந்திருந்தன. 25 கிராம் மாவை, பாக்டீரியா வளர்வதற்கான சத்துள்ள பெப்டோன் நீர் 225 மில்லிலிட்டரில் கலந்து ஓர் இரவு 37 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, தேடும் கிருமியின் டி.என்.ஏ. துண்டு இருந்தால் அதைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். இயந்திரத்தில் ஏற்றினேன். மதியத்துக்குள் திரையில் எல்லா மாதிரிகளுக்கும் கோடு தட்டையாகவே இருந்தது. சரக்கு வண்டியில் ஏறக் காத்திருந்தது. தொலைபேசியில் கேட்டவர்களிடம் ‘நெகட்டிவ்’ என்று சொல்லிவிட்டேன். அதே பெப்டோன் நீரிலிருந்து வழக்கமான வளர்ப்பு முறையும் தொடர்ந்துகொண்டிருந்தது. நான்காம் நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தபோது, சால்மோனெல்லாவை நிறத்தால் அடையாளம் காட்டும் எக்ஸ்.எல்.டி. அகார் தட்டுகள் இரண்டில், சிவந்த விளிம்பும் கறுத்த நடுவுமாகச் சால்மோனெல்லாவின் கூட்டங்கள் நின்றன.

உடனே பழைய பி.சி.ஆர். பதிவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு குழாயிலும் மாதிரியின் டி.என்.ஏ.வோடு, சோதனை ஒழுங்காக ஓடுகிறதா என்பதைக் காட்டுவதற்காகவே சேர்க்கப்படும் ஓர் உட்கட்டுப்பாட்டுத் துண்டும் இருக்கும். கிருமி இல்லாவிட்டாலும் அந்தத் துண்டு பெருகியே ஆக வேண்டும். அந்த இரண்டு மாதிரிகளில் அதுவும் பெருகவில்லை. கோகோவில் உள்ள பாலிபீனால்கள் பி.சி.ஆர். நொதியைத் தடுத்துவிட்டிருந்தன. அதாவது ‘கிருமி இல்லை’ என்று அந்தக் குழாய்கள் சொல்லவில்லை. ‘என்னால் பார்க்கவே முடியவில்லை’ என்று சொல்லியிருந்தன. இரண்டையும் ஒன்றாகப் படித்தது நான். புறப்பட்டுப் போன வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பொருள் மக்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை. என் மேலதிகாரி அன்று கோபப்படவில்லை. உட்கட்டுப்பாட்டின் வரைகோட்டை அச்சிட்டு, அதற்குக் கீழே என்னையே தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார். அன்றிலிருந்து, உட்கட்டுப்பாடு பெருகியதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ‘நெகட்டிவ்’ கூட என் வாயிலிருந்து வந்ததில்லை. தடை தென்பட்டால் டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுவேன். பல வேளைகளில் அது ஒன்றே போதும்.

கோகோ இன்னொரு வகையிலும் கிருமியை மறைக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் கற்றேன். அதில் உள்ள சில பொருள்கள் பெப்டோன் நீரிலேயே சால்மோனெல்லாவின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியவை. ஆகவே கொழுப்பு நீக்கிய பால்பொடியையோ கேசீனையோ சேர்த்து அந்தத் தடையை முறிக்க வேண்டும். கிராம்பு, பட்டை, பூண்டு போன்றவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. அவற்றை வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிக நீரில் கரைத்தால்தான் கிருமி தலைதூக்கும். 1973-74இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சாக்லேட் வழியாகச் சால்மோனெல்லா ஈஸ்ட்போர்ன் என்ற வகை பரவியபோது, நோயுற்றவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அத்தகைய பொருள்களில் உள்ள கொழுப்பு, இரைப்பை அமிலத்திலிருந்து கிருமியைக் காப்பதால், மிகச் சில உயிரணுக்களே நோயை உண்டாக்கிவிடுகின்றன. மறைவதில் வல்லதாகவும், மிகக் குறைந்த அளவிலேயே தீங்கு செய்வதாகவும் ஒரு கிருமி இருக்கும்போது, சோதிப்பவர் பொருளின் தன்மையை அறியாமல் செய்முறை ஏட்டை மட்டும் பின்பற்றுவது போதாது.

உலர்ந்த பொருள்களைப் பற்றி இன்னும் ஒன்று. உலர்த்தலிலும் வெப்பத்திலும் அடிபட்ட பாக்டீரியா எப்போதும் சாவதில்லை, பல வேளைகளில் காயப்பட்டுக் கிடக்கிறது. அதை நேரடியாகப் பித்த உப்போ, மாலகைட் பச்சையோ கலந்து மற்றக் கிருமிகளை அடக்கும் தேர்வு ஊடகத்தில் போட்டால் இறந்துவிடும். எந்தத் தடையும் இல்லாத பெப்டோன் நீரில் அதற்கு ஓர் இரவு கொடுத்து, காயம் ஆறிய பிறகே 41.5 டிகிரியில் கடுமையான ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். இந்த முதல் இரவை நான் நோயாளிக்குக் கொடுக்கும் ஓய்வைப் போல நினைத்துக்கொள்வேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பெப்டோன் நீரை அப்படியே ஊற்றுவது நம்மிடையே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பதினைந்து மாதிரிகளைச் சேர்த்து 375 கிராமாகச் சோதிக்கும்போது மூன்று லிட்டருக்கும் மேல் நீர் வேண்டும். குளிர்ந்த நீர் என்றால் அது 37 டிகிரியை எட்டுவதற்கே பாதி இரவு போய்விடும், பாக்டீரியாவுக்குக் கிடைக்க வேண்டிய பதினெட்டு மணி நேரத்தில் கணிசமான பகுதி வீணாகும். முதல் நாள் மாலையிலேயே நீரை இன்குபேட்டருக்குள் வைத்துவிடுவது அவ்வளவு எளிது. ஆனாலும் எத்தனையோ ஆய்வகங்களில் அது நடப்பதில்லை.

செய்முறை முழுக்கச் சரியாக இருந்தாலும் மாதிரியின் எல்லை ஒன்று இருக்கிறது. இதை விளக்க நான் எப்போதும் ஒரே கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். நூறு பொட்டலங்களில் ஒன்றில் மட்டும் கிருமி இருக்கும் ஒரு பெரிய சரக்கிலிருந்து ஐந்து பொட்டலங்களை எடுத்துச் சோதித்தால், எதிலும் கிருமி அகப்படாமல் போகும் வாய்ப்பு 95 விழுக்காடு. அறுபது பொட்டலங்களைச் சோதித்தாலும் அந்த வாய்ப்பு 55 விழுக்காடு. 95 விழுக்காடு உறுதியோடு ஒன்றையாவது பிடிக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ முந்நூறு பொட்டலங்களைத் திறக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கண்ட தொழிற்சாலை மேலாளர் ஒருவர், ‘அப்படியானால் நீங்கள் எதற்கு?’ என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. முடிந்த பொருளைச் சோதித்துப் பாதுகாப்பை உண்டாக்க முடியாது. தரை வடிகால், வெட்டும் இயந்திரத்தின் இடுக்கு, காற்றுக் குழாயின் தூசி ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுத்து, கிருமி எங்கே குடியிருக்கிறது என்று தேடுவதே எங்கள் வேலையின் பயனுள்ள பகுதி என்று அவரிடம் சொன்னேன். லிஸ்டீரியா விஷயத்தில் இது இன்னும் உண்மை. குளிர்பெட்டியின் வெப்பநிலையிலும் மெல்ல வளரும் அந்தப் பாக்டீரியா, ஈரமான இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். பொருளில் ஒருமுறை அகப்படுவதற்குள் வடிகாலில் பலமுறை அகப்பட்டிருக்கும், யாராவது தேடியிருந்தால்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லின் எல்லையை உலகமே பார்த்த நிகழ்வு 2011இல் ஜெர்மனியில் நடந்தது. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் ஓ104:எச்4 வகையால் ஏறத்தாழ 3,800 பேர் நோயுற்றனர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எண்ணூறுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதாகும் கடுமையான நிலை வந்தது. தொடக்கத்தில் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்களில் ஷிகா நச்சை உண்டாக்கும் ஈ.கோலை இருப்பதாகத் தெரிந்தது, செய்தி பரவியது, உழவர்கள் விளைச்சலைக் கொட்டி அழித்தார்கள். பிறகுதான் வெள்ளரியில் இருந்தது வேறு வகை, நோயாளிகளிடம் இருந்தது வேறு வகை என்பது உறுதியானது. கடைசியில் காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது ஆய்வகமன்று. உணவகத்தில் சாப்பிட்டவர்களின் நினைவை மட்டும் நம்பாமல், அவர்கள் வாங்கிய உணவு எது என்பதைக் கண்டு, அந்த உணவில் என்னென்ன சேர்த்தோம் என்று சமையல்காரர்களிடம் கேட்ட விசாரணை. தட்டின் ஓரத்தில் அலங்காரத்துக்காகத் தூவப்பட்ட சில முளைகளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சின் போர்தோ பகுதியில் சிலர் நோயுற்றபோது, இரண்டு இடங்களுக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து வந்த ஒரே விதைத் தொகுதி. அந்த விதைகளைச் சோதித்தபோது ஓ104:எச்4 கிடைக்கவில்லை. அந்த ‘கிடைக்கவில்லை’யை ‘இல்லை’ என்று படித்திருந்தால் விதைகள் தொடர்ந்து விற்பனையில் இருந்திருக்கும். ஆய்வகத்தின் விடையை விசாரணையின் விடையோடு சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

அதன் பிறகு நோயாளிகளிடம் கேள்விப்படிவம் நிரப்பும் முறையை நானும் மாற்றிக்கொண்டேன். ‘கடந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டால் மனிதர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதைச் சொல்வார்கள். சாப்பிட்டதைச் சொல்ல மாட்டார்கள். வாங்கிய ரசீது, கைப்பேசியில் எடுத்த படம், உடன் இருந்தவர் யார் என்ற நினைவு ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கச் செய்தால், மறந்துபோனவை ஒவ்வொன்றாக வரும். லிஸ்டீரியா என்றால் அப்படியும் போதாது. அதன் அடைகாலம் எழுபது நாள்வரை நீளக்கூடும். இரண்டு மாதங்களுக்கு முன் உண்டதை, அதுவும் அந்தத் தொற்றால் கருவை இழந்த துயரத்தில் இருக்கும் ஒரு தாயிடம், எப்படிக் கேட்பது? அத்தகைய உரையாடலில் நான் முதல் பத்து நிமிடங்கள் உணவைப் பற்றிப் பேசுவதே இல்லை. விடை கிடைத்தால் அவருக்கு நானே திரும்ப வந்து சொல்வேன் என்று உறுதி கூறுவேன். விடை கிடைக்காதபோதும் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் பிழையும் எங்களுக்கு நேர்ந்தது. ஒரு வாரத்தில் தொடர்பே இல்லாத ஐந்து மாதிரிகளில் சால்மோனெல்லா வந்தது. முதலில் எல்லோருக்கும் ஒரு பரபரப்பு. பெரிய பரவல் ஒன்றைப் பிடித்துவிட்டோம் என்ற எண்ணம். முழு மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது ஐந்தும் ஒன்றே. அது, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக எங்கள் உறைபெட்டியில் நாங்களே வைத்திருந்த கட்டுப்பாட்டு வகை. பிப்பெட்டின் நுனியிலோ, மாதிரியை அடித்துக் கலக்கும் இயந்திரத்தின் கதவிலோ ஒட்டியிருந்த ஒரு துளி ஐந்து பேரின் பொருள்களைக் குற்றவாளியாக்கப் பார்த்தது. சால்மோனெல்லாவில் சீரோவகைகள் எனப்படும் உட்பிரிவுகள் 2,500க்கும் மேல் இருக்கின்றன. ஆகவே உணவில் பொதுவாகக் காணப்படாத அரிய வகை ஒன்றையோ, புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும்படி குறியிடப்பட்ட வகை ஒன்றையோ கட்டுப்பாடாக வைத்துக்கொள்வது நல்லது. அது மாதிரிக்குள் தவறி விழுந்தால் அன்றே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்துடன், கட்டுப்பாட்டு வகையை நாளின் கடைசியில், எல்லா மாதிரிகளையும் மூடிய பிறகு மட்டுமே திறக்க வேண்டும் என்று விதி செய்தோம்.

மரபணு வரிசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1996இல் அமெரிக்காவில் பல்ஸ்நெட் என்ற ஆய்வகங்களின் வலையமைப்பு தொடங்கியபோது கிருமிகளின் டி.என்.ஏ. பட்டைகளை ஒப்பிட்டார்கள், இன்று ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிடுகிறோம். நோயாளியிடமிருந்து வந்த கிருமியும் பண்ணையிலிருந்து வந்த கிருமியும் இரண்டு, மூன்று எழுத்துகளில் மட்டுமே வேறுபட்டால், அவற்றுக்கு அண்மைக் காலத்தில் ஒரு பொது மூலம் இருந்தது என்று சொல்லலாம். பண்ணையிலிருந்து நோயாளிக்குப் போனதா, இரண்டுக்கும் மூன்றாவது இடத்திலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. திசையைச் சொல்வது தேதி, தீவனம், தண்ணீர், மனிதர்களின் நடமாட்டம். கிருமிகளின் உறவைக் காட்டும் அழகான கிளைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு இதை மறந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பண்ணைகளில் கற்றவை தனி. நான் முதன்முதலில் கோழிப் பண்ணைக்கு மாதிரி எடுக்கப் போனபோது, நோயுற்ற பறவைகளைத் தேடினேன். அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் ஒருவர் என்னைத் தடுத்து, காலணியின் மேல் ஈரப்படுத்திய துணி உறைகளை மாட்டிவிட்டு, கொட்டகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து வரச் சொன்னார். நூறு கால்தடங்களில் ஒட்டிய தரைப் படிவில், முழு மந்தையின் வரலாறும் இருக்கும் என்றார். கிருமியைச் சுமக்கும் விலங்கு பெரும்பாலும் நலமாகவே இருக்கும் என்பதுதான் விலங்குவழித் தொற்றின் மையச் சிக்கல். ஈ.கோலை ஓ157 மாட்டின் குடலில் இருந்தாலும் மாட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் நச்சு பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மாட்டின் குருதிக் குழாய்களில் இல்லை, மனிதச் சிறுநீரகத்தில் இருக்கின்றன. மால்டாவில் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை டேவிட் புரூஸ் 1887இலேயே பிரித்தெடுத்துவிட்டார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பது 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸம்மிட், பார்வைக்கு நலமாக இருந்த ஆடுகளின் குருதியைச் சோதித்தபோதுதான் புலப்பட்டது. அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் நோய் வெகுவாகக் குறைந்தது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளும் பாலைத் தந்த ஆடுகள் எல்லோர் கண்ணெதிரிலும்தான் நின்றன.

ஆகவே நலமான விலங்குகளை வளர்ப்பவரிடம் போய் ‘உங்கள் மந்தையைச் சோதிக்க வேண்டும்’ என்று சொல்வது, அவர் வாழ்வாதாரத்தின் மேல் கைவைப்பதாகவே அவருக்குத் தோன்றும். ஒரு பண்ணைக்காரர் எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஒத்துழைத்தார். நான்காம் ஆண்டில், குறியீட்டு எண்ணின் பின்னால் இருந்த அவர் பெயரை ஓர் அலுவலகம் வெளியே விட்டுவிட்டது. அவர் பண்ணையில் கிடைத்த கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுநோய்ப் பாக்டீரியா, எந்த மந்தையிலும் கிடைக்கக்கூடியதுதான். ஆனால் அவரிடம் வாங்குவதைப் பலர் நிறுத்தினார்கள். நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைத் திறக்கவில்லை. அந்தப் பகுதியில் எங்களுக்கு அதன் பிறகு மாதிரி கிடைக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. இப்போது குறியீட்டுச் சாவி ஒரே ஒருவரிடம், இணையத்தோடு தொடர்பில்லாத கணினியில் இருக்கிறது. முடிவு முதலில் பண்ணைக்காரருக்கே போகும். என்ன செய்தால் குறையும் என்ற ஆலோசனை இல்லாமல் முடிவு மட்டும் போகாது.

விலங்குகளோடு வேலை செய்பவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதன் மதிப்பை நிபா வைரஸின் வரலாறு காட்டுகிறது. 1998இல் மலேசியாவில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் நடந்தன. நோயுற்றவர்கள் பெரும்பாலும் பன்றிப் பண்ணைகளில் உழைத்த வயதுவந்த ஆண்கள், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றார்கள், பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே காட்சி தெளிவானது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள், மொத்தத்தில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் அது வந்திருந்தது. யார் நோயுறுகிறார்கள், அவர்கள் கைகள் நாள் முழுவதும் எதைத் தொடுகின்றன என்ற கேள்வியை எந்தச் சோதனைக் கருவியும் நமக்காகக் கேட்காது.

என் கைகள் எதைத் தொட்டன என்பதை நான் ஒருமுறை கவனிக்கத் தவறினேன். கோழித் தோலிலிருந்து கேம்பைலோபாக்டரைப் பிரிக்கும் நாளில், கையுறையோடு கைப்பேசியை எடுத்துப் பேசிவிட்டு, பிறகு கையுறையைக் கழற்றிக் கைகழுவினேன். கைப்பேசியை யாரும் கழுவவில்லை. மூன்று நாள் கழித்துக் கடும் காய்ச்சல், வயிற்றுவலி, குருதி கலந்த பேதி. டி.ஏ.ராபின்சன் என்ற ஆய்வாளர் பாலில் ஏறத்தாழ 500 கேம்பைலோபாக்டர்களை விழுங்கித் தாமே நோயுற்றதை 1981இல் பதிவு செய்திருக்கிறார். ஒரு திரையில் ஒட்டுவதற்கு அது பெரிய எண்ணிக்கையன்று. இரண்டு நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். சோதனை நின்றுவிடுமோ என்ற பயம் இன்னொன்று. என்னிடமிருந்து எடுத்த கிருமியின் வரிசை, அந்த வாரம் நான் பிரித்த கிருமியின் வரிசையோடு ஒத்துப்போனது. வீட்டில் சிறு குழந்தை இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. 2010-11இல் அமெரிக்காவில் நுண்ணுயிரியல் ஆய்வகங்களோடு தொடர்புடைய ஒரு சால்மோனெல்லா வகையால் 38 மாநிலங்களில் 109 பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். ஆய்வகத்தில் படிப்பவர்களும் பணியாற்றுபவர்களும் உள்ள வீடுகளின் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். எழுதுகோலும் குறிப்பேடும் கைப்பேசியும் ஆய்வகத்துக்கும் வீட்டுக்கும் இடையே போய்வந்தால் கிருமியும் போய்வரும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது கைப்பேசிகள் வாசலுக்கு வெளியே பெட்டியில் இருக்கின்றன. வயிறு சரியில்லை என்று சொல்பவரை யாரும் குற்றம் சொல்வதில்லை, அன்றே சொன்னதற்காக நன்றி சொல்கிறோம்.

இந்த வேலை என் சமையலறையையும் மாற்றியது, சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. கோழியைக் குழாயின் கீழ் கழுவுவதில்லை. நீர்த்துளிகள் கிருமியைச் சுற்றிலும் தெளிக்கும், கொல்வது வெப்பமே. சமைத்த உணவை வெளியில் மணிக்கணக்காக வைத்துவிட்டு மறுபடி கொதிக்கவைத்தால் போதும் என்று நம்புவதில்லை, ஏனெனில் ஸ்டாபிலோகாக்கஸின் நச்சும், பாசில்லஸ் செரியஸின் வாந்தி நச்சும் கொதிநிலையைத் தாங்கும். பாக்டீரியா செத்தாலும் அவை உண்டாக்கி வைத்தது உணவில் இருக்கும்.

வைரஸ்களைத் தேடத் தொடங்கியபோது பாக்டீரியாவிடம் கற்ற பலவற்றை மறக்க வேண்டியிருந்தது. பாக்டீரியாவுக்கு ஓர் இரவு கொடுத்தால் பெருகும். வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ் உணவில் பெருகாது. அங்கே எத்தனை துகள் இருக்கிறதோ அத்தனையைத்தான் பிடிக்க முடியும், நோயை உண்டாக்கவோ மிகச் சில துகள்களே போதும். சிப்பியைச் சோதிக்கும்போது முழு உடலையும் அரைத்தால் வைரஸ் சதையில் கரைந்து காணாமல் போகும். நீரை வடிகட்டும்போது அது சேர்ந்து தங்குவது செரிமானச் சுரப்பியில், ஆகவே அந்தச் சிறு பழுப்புப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதிலிருந்து இரண்டு கிராமை நொதியால் கரைக்க வேண்டும். தொடங்கும்போதே தீங்கற்ற மெங்கோ வைரஸை அறிந்த அளவில் சேர்த்துவிட்டு, கடைசியில் அதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்க்கிறோம். முதல் ஆறு மாதங்களில் எனக்கு ஒரு விழுக்காடுகூடத் திரும்பக் கிடைக்காத நாள்கள் உண்டு. அந்த நாள்களின் ‘கண்டறியப்படவில்லை’யை நான் அறிக்கையில் எழுதவில்லை, ‘சோதனை செல்லாது, மாதிரி மறுபடி தேவை’ என்று எழுதினேன்.

அங்கே எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு. பி.சி.ஆர். வைரஸின் மரபணுவைக் காண்கிறது. அந்த வைரஸ் உயிர்ப்போடு தொற்றக்கூடியதா, வெப்பத்தில் சிதைந்த மிச்சமா என்பதைக் காணாது. 1968இல் அமெரிக்காவின் நார்வாக் ஊர்ப் பள்ளியில் பரவிய வயிற்றுநோயின் மாதிரியில், 1972இல் ஆல்பர்ட் கப்பிக்கியன் மின்னணு நுண்ணோக்கியால் நோரோவைரஸைக் கண்டார். அதை மனிதக் குடல் ஆர்கனாய்டுகளில், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த சிறு குடல் திசுக்களில், வளர்க்க முடிந்தது 2016இல்தான். இன்றும் அது எல்லா ஆய்வகங்களுக்கும் எட்டக்கூடிய வசதியன்று. ஆகவே சமைத்த பொருளில் நோரோவைரஸ் மரபணு இருந்தது என்று எழுதும்போது, அதைத் தொற்று என்று எழுதிவிடாமல் கவனமாக இருக்கிறேன். பச்சையாக உண்ணும் சிப்பியில் இருந்தால் தயங்காமல் எச்சரிக்கிறேன். ஒரே சோதனை, ஒரே எண். பொருள் எப்படி உண்ணப்படுகிறது என்பதைக் கொண்டு அதன் அர்த்தம் மாறுகிறது.

புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் நான் கருவிகளைக் கற்பிப்பதில்லை. குறியீட்டு எண் மட்டும் ஒட்டிய பத்துப் புட்டிகளைக் கொடுக்கிறேன். அவற்றில் நான்கில், உலர்த்திக் காயப்படுத்திய சால்மோனெல்லா உயிரணுக்கள் ஐந்தைந்து என்ற அளவில் சேர்த்திருப்பேன்; எவை என்பது உறையிட்ட தாளில் இருக்கும். ஐந்து நாள் கழித்து அவர்கள் விடையையும் தாளையும் அருகருகே வைக்கிறோம். நான்கையும் பிடிப்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் ஒன்றைத் தவறவிடுவார்கள். தவறிய புட்டியின் ஏட்டை எடுத்து, எந்த நீரில், எந்த மணிக்கு, எத்தனை டிகிரியில் என்று முதல் வரியிலிருந்து சேர்ந்து படிப்போம். சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவி இரண்டைத் தவறவிட்டார். ஏட்டைப் படித்து முடித்ததும் எதுவும் பேசாமல் எழுந்து போய், மறுநாளைக்கு வேண்டிய பெப்டோன் நீரை இன்குபேட்டருக்குள் எடுத்து வைத்தார்.